கோட்டிங்கனில் ஒரு நாளைக்கு ஒருத்தர்

அம்மா 31 வருஷம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆறாம் வகுப்பில் அவருடைய முதல் பாடம் ஒரே கதைதான். பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் சத்தம் போடாமல் உட்கார வைக்க, ஒரு வாத்தியார் 1 முதல் 100 வரை கூட்டச் சொல்கிறார். எல்லோரும் கூட்டிக்கொண்டிருக்க, ஒரு பையன் மட்டும் போன வேகத்தில் சிலேட்டைக் கொண்டுவந்து வைக்கிறான். அதில் 5050. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் சேர்த்தால் 101, இரண்டாவதையும் கடைசிக்கு முந்தையதையும் சேர்த்தாலும் 101, அப்படி 50 ஜோடி. அந்தப் பையன் பெயர் கார்ல் ஃபிரீட்ரிஷ் காஸ். நானும் அந்த வகுப்பில் உட்கார்ந்து கேட்டவள்தான்.

ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்ததும் அம்மாவிடம் சொன்னேன். ஊர் பெயர் கோட்டிங்கன் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியோ குளிரைப் பற்றியோ இல்லை. "காஸ் இருந்த ஊராடி?" என்றுதான் கேட்டார்.

மூன்றாவது வருஷம் நவம்பரில் அம்மா மூன்று வாரம் என்னோடு வந்து தங்கினார். அந்த மூன்று வாரத்தில் நான் செய்த தப்புகளிலிருந்தும் அம்மா சொன்ன ஒரு வார்த்தையிலிருந்தும்தான் இந்த ஊரை எப்படிப் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். அதற்கு முன் இரண்டரை வருஷம் அங்கே இருந்தும் ஊரை நான் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

முதல் தப்பு ரயில் டிக்கெட். ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்திலிருந்து கோட்டிங்கனுக்கு வேக ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். விலை குறைவாக இருக்கிறதே என்று, குறிப்பிட்ட ஒரே ரயிலில் மட்டும் செல்லும் சலுகை டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்து வைத்தேன். விமானம் தாமதம். டிக்கெட் வீண். அன்றைய விலையில் புதிதாக வாங்கியபோது மிச்சம் பிடித்ததைப் போல மூன்று மடங்கு போயிற்று. விமானத்தில் வந்து இறங்கும் நாளுக்கு எந்த ரயிலிலும் ஏறக்கூடிய டிக்கெட்டையே எடுங்கள். சலுகை டிக்கெட் திரும்பிப் போகும்போது இருக்கட்டும்.

இரண்டாவது தப்பு பெரியது. அம்மாவுக்கு எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையில் ஒரு பட்டியல் போட்டேன். பழைய நகராட்சி மண்டபம், வாத்து மேய்க்கும் பெண் சிலை, யாகோபி தேவாலயக் கோபுரம், பிஸ்மார்க் படிக்கும்போது குடியிருந்த குட்டி வீடு, தாவரவியல் பூங்கா, மாணவர்களை அடைத்து வைத்த பல்கலைக்கழகச் சிறை என்று 14 இடம். எல்லாம் ஒரே நாளில். இந்த ஊர் சின்னது, பழைய நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 20 நிமிஷத்தில் நடந்துவிடலாம் என்பதால் சுலபம் என்று நினைத்தேன். கல் பாவிய தெருக்கள், அம்மாவின் முட்டிவலி, நவம்பரில் மாலை நாலரைக்கே கவிந்துவிடும் இருட்டு, இவை எதுவும் என் கணக்கில் வரவில்லை. பட்டியலின் கடைசி இடம் நகரக் கல்லறைத் தோட்டம். போய்ச் சேர்ந்தபோது கல்லில் எழுதியிருப்பதைப் படிக்க வெளிச்சமில்லை. கைபேசி வெளிச்சத்தில் ஒவ்வொரு கல்லாகத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு பீரியடுக்கு ஒரு பாடம்தான்டி நடத்தணும். நீ ஒரு வருஷப் பாடத்தை ஒரே நாள்ல நடத்துற. எனக்கு ஒண்ணும் மனசுல நிக்கல."

மறுநாளிலிருந்து ஒரு நாளைக்கு ஒருத்தர் என்று வைத்துக்கொண்டோம். ஒரு பெயர். அவர் இருந்த வீடு, வேலை செய்த இடம், கடைசியில் சமாதி. அவ்வளவுதான். இந்த ஊருக்கு இது ரொம்பவே பொருந்துகிறது. ஏனென்றால் கண்ணைப் பறிக்கும் அரண்மனையோ மலைக்கோட்டையோ கோட்டிங்கனில் கிடையாது. இங்கே பார்க்க வேண்டியது மனிதர்களை. நிமிர்ந்து பார்த்தால் பழைய வீடுகளின் சுவரில் வெள்ளைப் பளிங்குப் பலகைகள் தெரியும். பெயர், தொழில், அந்த வீட்டில் இருந்த வருஷங்கள், இவ்வளவுதான் எழுதியிருக்கும். 1874இல் தொடங்கிய வழக்கம் இது, இன்று 300க்கும் மேல் இருக்கின்றன. பலகைகள் தலைக்கு மேலே உயரத்தில் இருப்பதால் சைக்கிளில் போகிறவர்கள் கண்ணில் படாது. நான் இரண்டரை வருஷம் சைக்கிளில்தான் போனேன். இன்னொன்று, பலகை விளக்கம் சொல்லாது. அந்தப் பெயர் யார் என்று தெரிந்து வந்தவர்களோடுதான் அது பேசும். அதனால் முந்தின நாள் ராத்திரி சாப்பிட்டபின் அம்மாவும் நானும் மறுநாளைய ஆளைப் பற்றிப் படிப்போம். வகுப்புக்குக் குறிப்பு எடுக்கிற மாதிரி அம்மா ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார்.

முதல் நாள் காஸ், வேறு யார்?

பிரவுன்ஷ்வைக்கில் பிறந்தவர் அவர். 1795இல் மாணவராக இங்கே வந்து, 1807இல் வானாய்வுக்கூடத்தின் இயக்குநராகத் திரும்பி வந்தார். புதிய வானாய்வுக்கூடம் கட்டி முடிந்ததும் 1816இல் அங்கேயே குடியேறி, 1855இல் சாகும்வரை அதே கட்டடத்தில் இருந்தார். நடுவில் குவிமாடம், இரு பக்கமும் நீண்ட சிறகுகள், முன்னால் தூண்கள். அந்தக் காலத்தில் அது கோட்டை மதிலுக்கு வெளியே திறந்தவெளி. இப்போது முன்னால் பேருந்து ஓடும் சாலை. எல்லா நாளும் உள்ளே விட மாட்டார்கள், வழிகாட்டியோடு போகும் சுற்றுகள் எப்போதாவது நடக்கும். நாங்கள் வெளியில் நின்றுதான் பார்த்தோம். அம்மாவுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. "நாப்பது வருஷம் ஒரே வாசல்ல போய் வந்திருக்கார்" என்று வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து நகரத்துக்குள் திரும்பி நடக்கும்போது தலைக்கு மேலே ஒரு கம்பி போவதாக நினைத்துக்கொள்ளச் சொன்னேன். 1833இல் காஸும் இயற்பியல் பேராசிரியர் வில்ஹெல்ம் வெபரும் வானாய்வுக்கூடத்துக்கும் நகருக்குள் இருந்த வெபரின் ஆய்வறைக்கும் இடையே வீட்டுக் கூரைகளுக்கு மேலாக ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமாகக் கம்பி இழுத்தார்கள். யோஹானிஸ் தேவாலயத்தின் கோபுரம் வழியாக அது போனது. மின்சாரத்தால் காந்த ஊசியை இடமும் வலமும் அசைத்து எழுத்துகளை அனுப்பினார்கள். மின்தந்தியை நடைமுறையில் ஓட்டிக் காட்டிய முதல் முயற்சிகளில் ஒன்று இது. தொலைபேசியும் இணையமும் இந்தக் கூரைகளின் மேல் தொடங்கிய வேலையின் தொடர்ச்சி என்று எனக்குத் தோன்றும். அதே கோபுரத்தின் அடியில்தான் நான் வாரம் இரண்டு முறை காய்கறி வாங்கினேன், மூன்றாவது வருஷம்வரை அண்ணாந்து பார்த்ததில்லை.

மதில்மேல் போகும் பாதையை ஒட்டி இருவருக்கும் ஒரு சிலை இருக்கிறது, 1899இல் வைத்தது. காஸ் உட்கார்ந்திருக்கிறார், வெபர் நின்றுகொண்டிருக்கிறார். வெபர் 27 வயது இளையவர். அம்மா இந்த மரியாதையை உடனே கவனித்தார்.

சமாதி அல்பானி கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. இப்போது அது ஒரு பூங்கா. பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அம்மாக்கள் போகிறார்கள், யாரோ நாயோடு ஓடுகிறார்கள், நடுவே காஸ். அம்மா செருப்பைக் கழற்றப் போனார். குளிரில் வேண்டாம் என்று தடுத்தேன். கல்லின் மீது கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "31 பேட்ச்டி" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நான் கணிதத்தில் முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தவள், காஸின் பெயரில் உள்ள தேற்றங்களை நூறு தடவை பயன்படுத்தியிருக்கிறேன். அவரை ஒரு மனிதராக நினைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

யூரோ வருவதற்கு முன் ஜெர்மனியின் 10 மார்க் நோட்டில் காஸின் படம் இருந்தது, பின்னணியில் கோட்டிங்கனின் கட்டடங்கள், பக்கத்தில் மணி வடிவ வளைகோடு. பழைய பொருள் விற்கும் சந்தையில் ஒன்று வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன். அவர் கொண்டுபோன நினைவுப் பொருள் அது ஒன்றுதான்.

இரண்டாவது நாள் கணித மேதை எம்மி நோயிதர். இது என் தேர்வு. அவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்லியாக வேண்டும்.

1915இல் இங்கே கணிதப் பேராசிரியர்களாக இருந்த ஃபெலிக்ஸ் கிளைனும் டேவிட் ஹில்பர்ட்டும் அவரை அழைத்தார்கள். பெண் என்பதால் பாடம் நடத்தும் உரிமை கொடுக்க மறுத்தார்கள். அதனால் அவருடைய வகுப்புகள் ஹில்பர்ட் பெயரில் அறிவிக்கப்பட்டன, நடத்தியவர் நோயிதர். சமச்சீர்மைக்கும் ஆற்றல் அழியாமை போன்ற விதிகளுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் அவருடைய புகழ்பெற்ற தேற்றம் 1918இல் வெளியானது. அதற்கு அடுத்த வருஷம்தான் அவருக்குத் தன் பெயரில் பாடம் நடத்த அனுமதி கிடைத்தது. அப்போதும் சம்பளம் இல்லை. "உன் அப்பாயி காலத்துல இங்கயும் இப்படித்தானா?" என்று அம்மா கேட்டார்.

பூன்சன் தெருவில் உள்ள கணித நிறுவனத்துக்கு அம்மாவை அழைத்துப் போனேன். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் கட்டி 1929இல் திறந்த கட்டடம். நான் தினமும் ஏறி இறங்கும் படிக்கட்டு அது. வார நாட்களில் போனால் மாடியின் கண்ணாடி அலமாரிகளில் பழைய கணித மாதிரிகளைப் பார்க்கலாம்: சுண்ணாம்புச் சாந்திலும் நூலிலும் கம்பியிலும் செய்த வளைபரப்புகள், 500க்கும் மேல். நூலைக் கோத்துச் செய்த ஒன்றின் முன்னால் அம்மா ரொம்ப நேரம் நின்றார். எல்லா நூலும் நேர்கோடு, ஆனால் சேர்ந்து பார்த்தால் வளைவு. அதை ஐஸ்குச்சியில் எப்படிச் செய்வது என்று அங்கேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டார். வகுப்பு நடக்கும் கட்டடம் என்பதால் சத்தம் போடாமல் பார்க்க வேண்டும். வாசலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போவது நல்லது.

அந்தக் கட்டடம் திறந்து நான்கு வருஷம்கூட ஆகவில்லை. 1933 ஏப்ரல் 7இல் நாஜி அரசு யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம் கொண்டுவந்தது. அந்த மாதம் முடிவதற்குள் நோயிதர், கட்டடத்துக்காகவே அலைந்த ரிச்சர்ட் கூரான், இயற்பியலின் மாக்ஸ் போர்ன் எல்லோரும் இடைநீக்கம். நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஃபிராங்க் முதல் உலகப் போரில் போரிட்டவர் என்பதால் சட்டம் அவரைத் தொடவில்லை. இருந்தும் அவர் தானாகவே, பகிரங்கமாகப் பதவி விலகினார். அவரைக் கண்டித்து இதே பல்கலைக்கழகத்தின் 42 ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டார்கள். நான் அந்த எண்ணை மறப்பதில்லை. நோயிதர் கொஞ்ச காலம் தன் வீட்டில் வைத்துப் பாடம் நடத்தினார், பிறகு அமெரிக்கா போனார், 1935இல் அங்கேயே இறந்தார். அவருடைய அஸ்தி பிரின் மார் கல்லூரியில் இருக்கிறது. கோட்டிங்கனில் அவருக்குச் சமாதி இல்லை. அன்றைக்கு எங்கள் நாள் சமாதியில் முடியவில்லை, படிக்கட்டிலேயே முடிந்தது.

நடுவில் சில நாட்கள் இலகுவாக வைத்துக்கொண்டோம். 1736இல் ஆல்பிரெஷ்ட் ஃபன் ஹாலர் தொடங்கிய பழைய தாவரவியல் பூங்காவில் கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்ததும் நம்மூர் ஈரச் சூடு முகத்தில் அடிக்கும். நவம்பரில் அதைவிடச் சுகம் வேறில்லை. அப்புறம் கோள்களின் பாதை. 1க்கு 200 கோடி என்ற அளவில் சூரியக் குடும்பத்தைத் தெருவில் வைத்திருக்கிறார்கள். சூரியன் 70 சென்டிமீட்டர், அதிலிருந்து 75 மீட்டர் தள்ளி 6 மில்லிமீட்டர் பூமி. நெப்டியூனுக்கு 2 கிலோமீட்டருக்கும் மேல் நடக்க வேண்டும், அது ஊரைத் தாண்டிக் காட்டுப் பக்கம் போய்விடும். பிள்ளைகளோடு வருகிறவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். கோட்டை மதிலின் மேல் லிண்டன் மரங்களுக்கு அடியில் பழைய நகரத்தைச் சுற்றி நடக்க ஒரு மணி நேரம் ஆகும், ஜூனில் அந்த மரங்கள் பூக்கும்போது தெருவே மணக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பல்கலைக்கழக உணவுக்கூடம். வெளியாட்களும் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்துச் சாப்பிடலாம், சைவம் எப்போதும் இருக்கும். அம்மா நடைபாதை என்று நினைத்துச் சைக்கிள் பாதையில் இறங்கி இரண்டு தடவை மணியடி வாங்கினார், தரையின் நிறத்தைப் பார்த்து நடக்கச் சொல்லிக் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், அதனால் அரிசி பால் எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. ரயில் நிலையத்துக்கு அருகே 2022இல் திறந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குப் போக நினைத்தால் செவ்வாய்க்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையைக் கல்லறைத் தோட்டத்துக்கு ஒதுக்குவதுதான் சரி, அதுவும் காலையில்.

அப்படித்தான் இரண்டாவது தடவை நகரக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். காலை பத்து மணி, நல்ல வெயில். வாசலில் உள்ள வரைபடத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு நடந்தோம். இடம் பெரிது, வரைபடம் இல்லாமல் தேடினால் நான் முதல் நாள் பட்ட பாடுதான். நோபல் பரிசு பெற்றவர்கள் எட்டுப் பேர் இங்கே உறங்குகிறார்கள். மாக்ஸ் பிளாங்க்கின் கல்லில் மேலே பெயர் மட்டும், அடியில் அவர் கண்டுபிடித்த மாறிலி, 6,62 என்று தொடங்கும் எண். "ஏன்டி புள்ளிக்குப் பதிலா கமா?" என்று அம்மா கேட்டார். ஜெர்மனியில் தசமப் புள்ளி கமாதான் என்றேன். கடையில் விலை படிக்கவும் அது உதவும். ஓட்டோ ஹானின் கல்லில் யுரேனியம் பிளவுபடும் சமன்பாடு. ஹில்பர்ட்டின் கல்லில் "நாம் அறிந்தே ஆக வேண்டும், நாம் அறிவோம்" என்று ஜெர்மனில் இரண்டு வரி. வில்ஹெல்ம் வெபர் தெருவில் இருந்த தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு நீண்ட கரும்பலகையை மாட்டி, நடந்துகொண்டே கணக்குப் போட்டவர் அவர். 1933க்குப் பிறகும் பத்து வருஷம் உயிரோடு இருந்து, தான் கட்டியது காலியாகிப் போனதைப் பார்த்துவிட்டு 1943இல் இறந்தார்.

மாக்ஸ் போர்ன் கல்லறை முன்னால் எனக்கு எப்போதும் நேரம் ஆகும். அதில் pயும் qவும் இடம் மாறினால் பெருக்கல் பலன் மாறும் என்ற குவாண்டம் சமன்பாடு பொறித்திருக்கிறது. இவரிடம்தான் ராபர்ட் ஓப்பன்ஹைமர் 1927இல் முனைவர் பட்டம் வாங்கினார். 1931 கோடையில் கேம்பிரிட்ஜிலிருந்து வந்து இவருடைய நிறுவனத்தில் தங்கிப் படித்த இளைஞர் ஒருவர் உண்டு, எஸ். சந்திரசேகர். போர்ன் வேலையிழந்து நின்றபோது பெங்களூருக்கு அழைத்தவர் சி.வி. ராமன். 1935-36இல் அங்கே சில மாதங்கள் இருந்தார். அவருக்கு நிரந்தர இடம் வாங்கித் தர ராமன் முயன்றார், நடக்கவில்லை. போர்ன் எடின்பரோ போனார். ஓய்வு பெற்றபின் ஜெர்மனிக்குத் திரும்பி வந்து, 1970இல் இதே கோட்டிங்கனில் இறந்தார். தன்னைத் துரத்திய ஊருக்கு அவர் எந்த மனசோடு திரும்பினார் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். என்னிடம் பதில் இல்லை.

அம்மா கிளம்பும் நாள். இந்தத் தடவை எங்களுக்கு நேரம் மிச்சம், ரயிலுக்கு 40 நிமிஷம் இருந்தது. நிலையத்துக்கு முன்னால் ஒரு பெரிய கல் பீடம் இருக்கிறது. மேலே குதிரைச் சிலை இருக்க வேண்டிய இடம் காலி. நான் தினமும் பார்த்துவிட்டுப் போகும் பீடம். "மேல யாரையும் காணோமே?" என்றார் அம்மா.

பெட்டியின் மேல் உட்கார வைத்துச் சொன்னேன். இந்தப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியவர், ஹனோவரை ஆண்டுகொண்டே இங்கிலாந்துக்கும் அரசராக இருந்த இரண்டாம் ஜார்ஜ். 1737இல் முறைப்படி திறந்தார்கள். இறையியல் துறை மற்றத் துறைகளின் பாடங்களைத் தணிக்கை செய்யக் கூடாது என்பது ஆரம்பத்திலேயே போட்ட விதி, அதனால்தான் படித்தவர்கள் இங்கே தேடி வந்தார்கள். சரியாக நூறு வருஷம் கழித்து, 1837இல் ஹனோவரின் புது அரசர் எர்ன்ஸ்ட் ஔகுஸ்ட் நாட்டின் அரசியல் சட்டத்தைத் தூக்கியெறிந்தார். ஏழு பேராசிரியர்கள் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஏழு பேருக்கும் வேலை போயிற்று. மூன்று பேர் மூன்று நாளில் நாட்டைவிட்டே போக வேண்டியிருந்தது. தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் இருவரும் அதில் உண்டு. காஸோடு கம்பி இழுத்த வெபரும் உண்டு. காஸின் மருமகன் எவால்டும் உண்டு.

"காஸ்?" என்றார் அம்மா.

காஸ் கையெழுத்துப் போடவில்லை என்றேன்.

ஹனோவர் ரயில் நிலையத்துக்கு முன்னால் அந்த அரசர் குதிரைமேல் இருக்கிறார், இங்கே 2015இல் அதே பீடத்தைக் குதிரையும் அரசரும் இல்லாமல் செய்து வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன். அம்மா எழுந்து பக்கத்தில் போனார். பீடத்தில் பொறித்திருந்த ஏழு பேரையும் எழுத்துக்கூட்டி, வருகைப் பதிவேடு வாசிக்கிற குரலில், ஒவ்வொன்றாகப் படித்தார். ரயில் அறிவிப்பு வந்தபோது ஐந்தாவது பெயரில் இருந்தார். மிச்சம் இரண்டையும் படித்து முடித்துவிட்டுத்தான் பெட்டியை எடுத்தார்.